எந்த பட்டர்வோர்ட்டை வாங்குவது: மெக்சிகோ வகையா, குளிர்நாட்டு வகையா, சதுப்பு வகையா?

பட்டர்வோர்ட் என்பது பசை இலையால் குட்டிப் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் செடி. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இதோடு போய்விடலாம். வீட்டுக்குள் ஜன்னலோரத்தில் வைக்கப் போகிறீர்கள், பூச்சி தின்னும் செடி எதையும் இதுவரை வளர்த்ததில்லை என்றால் மெக்சிகோ வகை பட்டர்வோர்ட் வாங்குங்கள். அதிலும் 'வெசர்', 'சேத்தோஸ்' மாதிரி கலப்பினம் ஒன்று கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். வருடத்தில் மூன்று நான்கு மாதம் கடும் குளிர் இருக்கும் இடம், வெளியில் தொட்டி வைக்க வசதியும் உண்டு என்றால் குளிர்நாட்டு வகை. சதுப்பு வகை, அதாவது அமெரிக்காவின் தென்கிழக்கு ஓரத்தில் வளர்பவை, இரண்டாவது செடியாக இருக்கட்டும். ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பதுதான் மீதிக் கதை.

பட்டர்வோர்ட் என்பது பிங்குயிகுலா என்ற பேரினம். லத்தீனில் 'பிங்குயிஸ்' என்றால் கொழுப்பு. இலையை லேசாகத் தொட்டுப் பார்த்தால் அந்தப் பெயர் ஏன் என்று புரிந்துவிடும், நெய்க்கையால் தொட்ட காகிதம் மாதிரி ஒரு வழவழப்பு. அந்த வழவழப்புக்குள் இரண்டு விதச் சுரப்பிகள் இருக்கின்றன. காம்பு வைத்தவை பசையைச் சுரந்து பூச்சியைப் பிடிக்கும், இலையோடு ஒட்டி உட்கார்ந்திருப்பவை செரிக்கும் நீரை விடும். ஒருமுறை உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு ஒரு குட்டிக் கறுப்பு ஈ மாட்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு கால்தான் ஒட்டியது. அதை விடுவிக்க இன்னொரு காலை ஊன்றியது, அதுவும் ஒட்டியது, இறக்கையை அடித்தது, இறக்கையும் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அதைச் சுற்றி மட்டும் இலை ஈரமாகிச் சின்னக் குட்டை கட்டியிருந்தது. சில நாளில் வெறும் கூடுதான் மிச்சம். சத்தமே இல்லை, அசைவும் இல்லை.

இந்த அசைவில்லாத விஷயம்தான் பலருக்கு ஏமாற்றம். பூச்சி தின்னும் செடி என்றதும் வாயை மூடும் வீனஸ் ஃப்ளைட்ராப்தான் கண்முன் வரும். அந்தக் காட்சி வேண்டும் என்றால் பட்டர்வோர்ட் வாங்காதீர்கள், வருத்தப்படுவீர்கள். ஆனால் ஃப்ளைட்ராப்புக்கு நேரடி வெயில் நிறைய வேண்டும், மூன்று நான்கு மாதம் குளிர்கால ஓய்வும் வேண்டும். இவை இரண்டும் இல்லாத வீட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கித்தான் போகும். அழுகண்ணி, குறிப்பாக கேப் சண்டியூ, நல்ல போட்டியாளர். எப்போதும் தண்ணீரில் நின்றாலும் கவலைப்படாது, அதன் பிரச்சினை வேறு: பக்கத்துத் தொட்டிகளிலெல்லாம் விதை போட்டுத் தன் வீடாக்கிக்கொள்ளும். பட்டர்வோர்ட்டின் பலம் பூ. வயலட் பூ மாதிரி, பின்னால் ஒரு வால், ஊதாவிலும் இளஞ்சிவப்பிலும் வாரக்கணக்கில் நிற்கும். கொசு ஒழியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒழியாது. இந்த இலை பிடிப்பது தொட்டி மண்ணில் முட்டையிடும் குட்டி ஈக்களைத்தான், அந்த வேலையில் மட்டும் கெட்டிக்காரச் செடி.

சரி, வகைகளுக்கு வருவோம்.

பிங்குயிகுலாவில் ஏறத்தாழ நூறு இனம் இருக்கின்றன, அவற்றில் பாதியளவு மெக்சிகோவிலும் அதை ஒட்டிய நாடுகளிலும்தான். ஹம்போல்ட், பொன்ப்லான் என்ற இரண்டு ஐரோப்பிய இயற்கை ஆய்வாளர்கள் மெக்சிகோவின் மொரான் சுரங்கத்துக்குப் பக்கத்தில் சேகரித்ததால் ஒன்றுக்கு மொரானென்சிஸ் என்று பெயர், இன்றைக்குக் கடைகளில் கிடைக்கும் பல கலப்பினங்களின் பெற்றோரில் ஒன்று அது. இவை வாழும் இடத்தை நினைவில் வைத்துக்கொண்டால் பராமரிப்பில் பாதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பாறைச் சரிவு, சுண்ணாம்புக்கல், ஜிப்சம், அதில் ஒட்டிய கொஞ்சம் பாசி. மழைக்காலத்தில் நனைந்திருக்கும், வறண்ட குளிர்காலத்தில் பல மாதம் காய்ந்து கிடக்கும். அதனால் செடிக்கு இரண்டு முகம். மழைக்காலத்தில் அகலமான, பசை நிறைந்த, பூச்சி பிடிக்கும் இலைகள். வறண்ட காலத்தில் சின்னச் சின்னதாக, சதைப்பற்றோடு, பசையில்லாத இலைகள், பார்ப்பதற்குக் கள்ளிக் குடும்பத்துக் குழந்தை மாதிரி. ஜிப்சிகோலா என்ற இனத்திடம் இந்த மாற்றத்தைப் பார்க்க வேண்டும், கோடையில் மெல்லிய நீளமான இலைகளை விரித்து நிற்பது, குளிர்காலத்தில் பொத்தான் அளவுக்கு ஒடுங்கிவிடும்.

நான் சொதப்பியது இந்த இடத்தில்தான். முதல் செடி ஒடுங்க ஆரம்பித்ததும் வாடுகிறது என்று நினைத்துத் தண்ணீரைக் கூட்டினேன். இன்னும் ஒடுங்கியது, இன்னும் கூட்டினேன். ஒரு காலையில் நடுவில் கை வைத்தால் மொத்தமும் கூழாக வந்தது. சதைப்பற்றுள்ள இலை வந்துவிட்டால் தட்டில் தண்ணீர் நிற்கவே கூடாது, மண் காய்ந்தபின் வாரத்துக்கு ஒருமுறை ஓரமாகக் கொஞ்சம் ஈரம் காட்டினால் போதும் என்பது அப்போது தெரியாது. நடுவிலிருந்து பெரிய இலை ஒன்று எட்டிப் பார்க்கும்வரை பொறுத்திருந்து, அதற்கப்புறம் தட்டில் தண்ணீர் ஊற்றுங்கள். இந்த இரட்டை முகமே தலைவலி என்று தோன்றினால் அக்னாட்டா, ஜைகான்டியா, எமார்ஜினாட்டா, மொக்தெசுமே போன்றவற்றைப் பாருங்கள், இவற்றின் கோடை இலைக்கும் குளிர்கால இலைக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஜைகான்டியா இலையின் இரண்டு பக்கமும் பசை வைத்திருக்கும், இடமும் நிறைய பிடிக்கும். எசெரியானா அதற்கு நேர் எதிர், ஒரு சின்ன மூடிக்குள் அடங்கிவிடும் அளவு. 'டினா', 'அஃப்ரோடைட்' இரண்டும் அக்னாட்டாவைப் பெற்றோராகக் கொண்ட கலப்பினங்கள், தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும் குணம் இரண்டுக்கும் உண்டு.

குளிர்நாட்டு வகை வேறு உலகம். வல்காரிஸ் என்ற இனம் வட ஐரோப்பா, வட அமெரிக்கா என்று பரவிக் கிடப்பது, ஸ்காண்டிநேவியாவில் அந்த இலையைப் போட்டுப் பாலைத் திரிய வைத்துத் தின்றிருக்கிறார்கள். டார்வின் 1875இல் வெளியிட்ட பூச்சியுண்ணும் தாவரங்கள் பற்றிய நூலில் இதற்குத் தனி அத்தியாயமே ஒதுக்கினார், இலை ஓரம் இரையின் மேல் மெதுவாகச் சுருள்வதை உட்கார்ந்து அளந்திருக்கிறார், பூச்சி மட்டுமில்லாமல் இலைமேல் விழும் மகரந்தத்திலிருந்தும் விதையிலிருந்தும் கூடச் சத்து எடுக்கிறது என்றும் கண்டார். அயர்லாந்திலும் ஸ்பெயினிலும் வளரும் கிராண்டிஃப்ளோராவின் பூ இந்தக் கூட்டத்திலேயே அழகு என்பேன். அல்பினா வெள்ளைப் பூ பூப்பது, இமயமலையிலும் உண்டு.

ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் இவை குளிர்காலத்தில் இலைகளையெல்லாம் விட்டுவிட்டு, இறுக்கமான மொட்டாகச் சுருண்டு, கிட்டத்தட்ட உறைநிலைக் குளிரில் மூன்று முதல் ஐந்து மாதம் தூங்க வேண்டியவை. பெரும்பாலானவற்றுக்கு அந்தச் சமயத்தில் வேர்கூட இருக்காது. வெயில் சுள்ளென்று அடிக்கும் கோடையும் பிடிக்காது. குளிர்ப்பெட்டியில் ஈரப் பாசியோடு மொட்டைப் பையில் போட்டு வைத்துப் பல வருடம் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், முடியாத காரியம் இல்லை, ஆனால் பூஞ்சை பிடிக்கிறதா என்று மாதாமாதம் எடுத்துப் பார்க்க வேண்டும். மறதிக்காரர் என்றால் தக்காளிக்குப் பின்னால் அதை மறந்தே போவீர்கள். இன்னொன்று, மொட்டைக் கண்டு செடி செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் ஏராளம். உள்ளே பச்சையாக, கெட்டியாக இருந்தால் உயிரோடுதான் இருக்கிறது. மொட்டைச் சுற்றி அரிசிக் குருணை மாதிரிக் குட்டி மொட்டுகள் இருக்கும், அவை ஒவ்வொன்றும் ஒரு செடி.

சதுப்பு வகையில் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் ப்ரிமுலிஃப்ளோராதான். மெக்சிகோ உபசரிப்பை இதற்குச் செய்தால் போயிற்று, வருடம் முழுக்க ஈரத்திலேயே இருக்க வேண்டும், குளிர்கால ஒடுக்கம் எதுவும் கிடையாது. கீழே சாய்ந்த இலைகளின் நுனியில் தானாகவே குட்டி போடும், பார்க்க வேடிக்கை. ஆனால் நன்றாக இருந்த தாய்ச்செடி எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நடுவில் அழுகிச் சரிந்துவிடுவதும் இதில்தான் அதிகம். குட்டிகளை அவ்வப்போது பிரித்து வேறு தொட்டியில் வைத்துக்கொண்டே இருப்பவருக்கு இது நல்ல செடி, ஒரு செடியை வைத்து ஐந்து வருடம் கொண்டாட நினைப்பவருக்கு இல்லை. மஞ்சள் பூ பூக்கும் லூட்டியா இதே பக்கத்துச் செடி, அழகுதான், ஆனால் நுணுக்கம் கூடுதல், இப்போதைக்கு விடுங்கள்.

வகை முடிவானால் மண் கலவை தானாக முடிவாகிறது என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் சண்டையே அங்கேதான் நடக்கும். மூன்று கட்சி. பீட் மாஸும் (சதுப்பில் மக்கிய பாசி) பெர்லைட்டும் (சூட்டில் பொரிந்த வெள்ளை எரிமலைக் கல்) சரிபாதி கலந்து எல்லாப் பூச்சி தின்னும் செடிக்கும் அதையே போடுவோம் என்பவர்கள், கனிமக் கலவைக்காரர்கள், தேங்காய் நார்த்தூள் போதுமே என்பவர்கள். சதுப்பு வகைக்கு முதல் கட்சி சொல்வது சரி. மெக்சிகோ வகைக்கு நான் கனிமக் கட்சி: பெர்லைட், வெர்மிகுலைட் (சூட்டில் விரிந்த மைக்கா போன்ற கனிமம்), கொரகொரப்பான சிலிக்கா மணல் மூன்றும் சம அளவு, வேண்டுமானால் ஐந்தில் ஒரு பங்கு பீட். பீட் அதிகமானால் ஒன்றிரண்டு வருடத்தில் அமுங்கிப் போய் நீரைப் பிடித்துக்கொள்ளும், மேலே பாசி படர்ந்து குட்டிச் செடிகளை மூடும். கனிமக் கலவை மக்காது, பல வருடம் தொட்டியை மாற்ற வேண்டியதில்லை, தண்ணீர் ஒருநாள் கூடிவிட்டாலும் வடிந்துவிடும். ஒரே குறை, சீக்கிரம் காய்ந்துவிடும். சுண்ணாம்புப் பாறையில் வாழும் இனங்களுக்கு ஒரு சிட்டிகை ஜிப்சம் சேர்ப்பவர்கள் உண்டு, சேர்க்காமலும் நன்றாகவே வளர்கின்றன. தேங்காய் நார்த்தூளில் உப்பு இருக்கும், ஐந்தாறு முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்து போடத் தயாரா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நான் தயாரில்லை. கடற்கரை மணல் எந்தக் கட்சிக்கும் ஆகாது. உரம் கலந்த தோட்ட மண்ணும் அப்படித்தான், வேர் கருகிவிடும். பெர்லைட்டைக் கொட்டுமுன் நனைத்துவிடுங்கள், அந்தத் தூசியை மூச்சில் இழுப்பது நல்லதில்லை.

தொட்டியைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. வேர் சில சென்டிமீட்டர்தான், ஏழெட்டு சென்டிமீட்டர் பிளாஸ்டிக் தொட்டி போதும், சுட்ட மண் தொட்டியின் சுவரில் உப்பு ஏறிக்கொண்டே போகும். மூடிய கண்ணாடிப் பெட்டியில் வைக்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும், படமும் அழகாக வரும். வைக்காதீர்கள். காற்றோட்டமில்லாமல் வாடிய பூக்காம்பில் சாம்பல் பூஞ்சை பிடித்து இலைக்கு இறங்கும்.

தண்ணீரில் விட்டுக்கொடுப்பது குறைவு. கரைந்த உப்பு 50 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் 50 பங்கு) கீழே இருந்தால் நிம்மதி. மழைநீர், காய்ச்சி வடித்த நீர், ஆர்.ஓ. நீர் மூன்றில் மழைநீர்தான் என் முதல் தேர்வு, சுத்தமான பாத்திரத்தில் பிடித்து வெளிச்சம் படாமல் மூடி வைத்தால் மாதக்கணக்கில் வரும். ஆர்.ஓ. இருக்கிறதே என்று நம்பி ஊற்றுபவர்கள் ஒருமுறை கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்த்துவிடுங்கள், வீட்டுக் கருவிகளில் பல, ருசிக்காகக் கொஞ்சம் தாதுவைத் திரும்பக் கலந்துதான் தண்ணீரைத் தருகின்றன. கடையில் விற்கும் மினரல் வாட்டர் பாட்டில் வேண்டவே வேண்டாம். மெக்சிகோ வகை குழாய் நீரை மற்றவற்றைவிடக் கொஞ்ச காலம் தாங்கும் என்பது உண்மை, ஆனால் மண்ணின் மேல் வெள்ளைப் பொருக்குத் தெரிந்தால் கலவையை மாற்றும் நாள் வந்துவிட்டது என்று அர்த்தம். ஊற்றும் முறை எளிது: வளர்ச்சிக் காலத்தில் தட்டில் ஒரு சென்டிமீட்டர், தீர்ந்ததும் ஓரிரு நாள் விட்டு மறுபடி ஒரு சென்டிமீட்டர்.

வெளிச்சத்துக்கு ஜன்னலா, எல்.இ.டி.யா? காலை வெயில் விழும் கிழக்கு ஜன்னல் இருந்தால் விளக்குக்குச் செலவே வேண்டாம். மேற்கு ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் பிற்பகல் வெயிலில் இலை வெந்துபோகும், மெல்லிய திரை ஒன்று போடுங்கள். அந்த வசதி இல்லையென்றால் வெள்ளை எல்.இ.டி. குழல் ஒன்றை இலைக்கு ஒரு முழம் தள்ளி மாட்டி, டைமரில் 12 முதல் 14 மணி நேரம் வைத்தால் ஜன்னலைவிடச் சீராகவே வளரும், வண்ணமும் நன்றாக ஏறும். இதில் அறிவுரையைவிடச் செடியின் முகத்தை நம்புங்கள். இலை நீண்டு, வெளிறி, பசையில்லாமல் தொங்கினால் வெளிச்சம் போதவில்லை. இளஞ்சிவப்பு ஏறினால் திருப்தியாக இருக்கிறது. கருஞ்சிவப்பாகி ஓரம் கருகினால் விளக்கை இன்னும் தூக்குங்கள்.

சாப்பாடு தானாகக் கிடைத்தால் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். பூச்சியே வராத வீடு என்றால் இரண்டு வழி. மீன் உணவுச் செதிலைப் பொடியாக்கி, பல்குத்தும் குச்சி நுனியில் தொட்டு இலைக்கு ஒரு துளி தூவலாம், இல்லையென்றால் உரத்தைப் பாக்கெட்டில் சொன்னதில் கால் பங்குக்கும் குறைவாகக் கரைத்து மாதம் ஒருமுறை இலையில் மட்டும் தெளிக்கலாம். எனக்கு முதல் வழி பிடிக்கும், வித்தியாசம் சில வாரத்தில் இலை அளவிலேயே தெரிகிறது. கை கொஞ்சம் தாராளமானால் மறுநாளே அந்த இடத்தில் பூஞ்சை. சதைப்பற்று இலை இருக்கும் காலத்தில் இரண்டுமே கூடாது. மாவுப்பூச்சி மட்டும் கண்ணில் பட்டால் உடனே கவனியுங்கள், இலைகளின் அடியில், நடுவில் பஞ்சு மாதிரி ஒளிந்துகொள்ளும், பூச்சியைத் தின்னும் செடியைப் பூச்சியே தின்னும் கூத்து.

வாங்கும்போது குடுவைக்குள் ஜெல்லில் இருக்கும் திசு வளர்ப்புக் கன்றும் கிடைக்கும், மண்ணில் நிற்கும் செடியும் கிடைக்கும். கன்றுகள் நிறைய வரும், ஆனால் வெளிக்காற்றுக்குப் பழகாதவை, ஜெல்லைச் சுத்தமாகக் கழுவி, மூடிக்கு அடியில் வைத்து, இரண்டு வாரமாவது கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்க வேண்டும். முதல் செடி மண்ணில் நிற்பதாகவே இருக்கட்டும். காட்டிலிருந்து பிடுங்கியதா, வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

ஒன்று நன்றாக வந்துவிட்டால் இரண்டாவதை வாங்க வேண்டியதில்லை. விதைக்கும் வழி உண்டு, ஆனால் பூவுக்குள் சூல்முடி ஒரு மடல் மாதிரி மகரந்தத்தை மறைத்துக்கொண்டிருக்கும், குச்சியால் அதைத் தூக்கி, அடியிலிருந்து மகரந்தத்தைச் சுரண்டி, மேலே தடவ வேண்டும். கலப்பினத்தில் பெரும்பாலும் விதையே பிடிக்காது, பிடித்தாலும் தாய் மாதிரியே வரும் என்பது இல்லை. மெக்சிகோ வகைக்கு இலைதான் ராஜபாட்டை. குளிர்கால முடிவில், சதைப்பற்று இலை ஒன்றைப் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல அசைத்தால் சின்னதாக ஒரு 'டிக்', கையோடு வந்துவிடும். அடியில் அந்த வெள்ளை முனை முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள், முறிந்து பாதியில் வந்தது பெரும்பாலும் வீண். ஈரமான கலவைமேல் மல்லாக்கப் படுக்க வைத்து, நேர் வெயில் படாமல் விட்டால் மூன்று நான்கு வாரத்தில் வெள்ளை முனையிலிருந்து குட்டிகள் கிளம்பும், ஒரே இலையில் இரண்டு மூன்று கூட. தாய் இலை மஞ்சளாவதைப் பார்த்துப் பதறி எடுத்துவிடாதீர்கள், கூழாகி நாற்றம் அடித்தால் மட்டும் எடுங்கள். மற்றபடி அது சுருங்கிச் சருகாகும்வரை அங்கேயே கிடக்கட்டும், அதில் மிச்சமிருக்கும் சாறெல்லாம் குட்டிக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது.